வியர்வை, ரத்த அழுத்தம், உரிந்த உள்ளங்கை: பட்டறை ரசமும் ஒரு பையனின் அட்ரினல் ஹார்மோன்களும்

கோவையில் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். இங்கே எழுதியிருப்பது என்னிடம் வந்த ஒரு வீட்டின் கதை. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாதரசத்தால் அட்ரினல் சுரப்பி கெடும் என்று பொத்தாம்பொதுவாகப் பலர் சொல்கிறார்கள். அதில் எது நிஜம், எது இழுத்துக்கட்டியது என்பதை இந்த ஒரே வீட்டிலேயே இரண்டு பேரிடம் பார்க்க முடிந்தது, அதனால்தான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பின்னணி

ஊருக்கு மேற்கே, நகைப்பட்டறைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு தெரு. அப்பா பட்டறை மண் வாங்கி அதிலிருந்து தங்கம் எடுப்பவர். நகை செய்யும் இடத்தில் தரையில் விழும் அரத்தூள், மெருகுத்தூள், கை கழுவிய தண்ணீரின் வண்டல், பழைய கால்மிதி, எல்லாவற்றையும் பட்டறைக்காரர்கள் சேர்த்து வைத்து விற்பார்கள். அதை எரித்து, இடித்து, சலித்து, தண்ணீரில் அலசி, கடைசியில் மிஞ்சும் கருப்பு மண்ணில் ரசம், அதாவது பாதரசம், விட்டுப் பிசைவார். தங்கத் துகள் ரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் அதிகப்படி ரசம் வடிந்து சாம்பல் நிற உருண்டை ஒன்று மிஞ்சும். உருண்டையை நெருப்பில் காட்டினால் ரசம் பறந்துவிடும், தங்கம் நிற்கும். அவருடைய அப்பாவும் இதே வேலைதான் பார்த்தார்.

வழக்கமாக நெருப்பில் காட்டுவது வீட்டுக்குப் பின்னால் நாலு பக்கமும் திறந்த ஒரு சாளையில். அந்த வருஷம் ஐப்பசி மழையில் சாளைக் கூரை சரிந்துவிட்டது, சரி, மழை விடட்டும் என்று அடுப்பை வீட்டின் பின்னறைக்குக் கொண்டுவந்தார்கள். மழை விட்ட பிறகும் அடுப்பு அங்கேயே இருந்துவிட்டது. பின்னறைக்கு ஒரே ஒரு சன்னல், அதுவும் கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்தது. அதற்கு அடுத்த அறையில், நடுவில் கதவு இல்லாமல் துணித்திரை மட்டும் தொங்கும் இடத்தில், தரையில் பாய் விரித்துப் படுப்பான் மூத்த பையன். 11 வயது, ஆறாம் வகுப்பு. அவனுக்கு 5 வயதில் ஒரு தங்கச்சி, அவள் அம்மாவோடு முன்னறையில் படுப்பாள்.

முதலில் தெரிந்தவை

மார்கழி கடைசியில் பையன் சிடுசிடுக்க ஆரம்பித்தான். சும்மாவே சாதுவான பிள்ளை, தங்கச்சியைப் பிடித்துத் தள்ளினான், சாப்பாட்டுத் தட்டை எறிந்தான். ராத்திரி தூக்கம் இல்லை. குளிர்காலத்தில் சட்டை பிழிகிற அளவுக்கு வியர்வை. கால் குடைகிறது என்று அழுவான், அம்மா தைலம் தேய்த்துவிடுவார். எழுத்து கோணுகிறது என்று வகுப்பு ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். தை மாதம் உள்ளங்கையும் உள்ளங்காலும் செக்கச்செவேல் என்று ஆகி, தோல் சீவலாக உரிந்தது. அம்மை இறங்குகிறது என்று நினைத்து அமுச்சி (அம்மாவின் அம்மா) வேப்பிலை கட்டி, கறி மீன் நிறுத்தி, மாரியம்மன் கோயிலில் தீர்த்தம் வாங்கித் தெளித்தார். உரிந்து முடிந்ததும் சரியாகிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது இன்னொரு முறை உரிந்தது.

என்னிடம் கூட்டி வந்தபோது புகார், "எடை குறைஞ்சுட்டே போகுதுங்க." பள்ளியில் ஜூன் மாதம் எழுதிய எடை 31 கிலோ, என் தராசில் 27. காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 132. கையை நீட்டச் சொன்னால் விரல் நுனி மெல்ல ஆடியது. உள்ளங்கை ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரத்த அழுத்தம் 154/106. பெரியவர் பட்டையைச் சின்னக் கையில் கட்டினால் அளவு தப்பாகும், அதனால் குழந்தைகளுக்கான பட்டையில் இரண்டு கையிலும் பார்த்து, காலிலும் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஏறித்தான் இருந்தது, காலில் குறையவில்லை. 11 வயதுப் பையனுக்கு மேல் எண் 120ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும்.

இவ்வளவு நாளில் வேறு இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் சத்து டானிக், இன்னோரிடத்தில் தோலுக்குக் களிம்பு. யாரும் அழுத்தம் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு பி.பி. பார்க்கும் வழக்கமே நம்மிடம் இல்லை, சளிக்கு வரும் பிள்ளைக்குக் கூட வருஷத்தில் ஒரு தரம் பார்த்து எழுதி வைத்தால் இப்படிப்பட்டது பாதி தூரத்திலேயே மாட்டும்.

சோதனைகள் போன வழி

அழுத்தம் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை ஆரம்பித்து, அன்றே பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே எடுத்த வரிசை நியாயமானது. பிள்ளைகளுக்கு இவ்வளவு அழுத்தம் என்றால் முதல் சந்தேகம் சிறுநீரகம், அதன் ரத்தக்குழாய். ஸ்கேன், டாப்ளர், கிரியாட்டினின் எல்லாம் சரி, சிறுநீரில் மட்டும் லேசாகப் புரதம். படபடப்பு, வியர்வை, எடைக் குறைவு இருப்பதால் தைராய்டு பார்த்தார்கள், சரி. எதிரொலி இதயப் பரிசோதனையும் சரி.

அடுத்துதான் அட்ரினல். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்த மாதிரி இருக்கும் சுரப்பி. அதன் உள்பகுதி அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கும். வெளிப்பகுதி கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் சுரக்கும். உள்பகுதியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்று ஒரு கட்டி வரலாம், அபூர்வம்தான், வந்தால் வியர்வை, படபடப்பு, அழுத்தம் மூன்றும் சேர்ந்து வரும். 24 மணி நேரச் சிறுநீரில் நார்அட்ரினலின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், அட்ரினலினும் டோபமினும் கூடுதல். கட்டிதான் என்று கிட்டத்தட்ட முடிவானது. ஆனால் சி.டி.யில் இரண்டு அட்ரினலும் சுத்தம். அப்படியானால் கட்டி வேறெங்காவது இருக்கலாம், கழுத்தில், முதுகெலும்பு ஓரத்தில், மூத்திரப்பையில். உடல் முழுவதும் தேடும் அணு ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். அப்பா சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

அந்த நேரத்தில் ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் அளவு வந்தது. நார்மெட்டாநெஃப்ரின் வரம்பைத் தொட்டுக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இது பொருந்தவில்லை. அட்ரினலினும் நார்அட்ரினலினும் உடைந்துதான் மெட்டாநெஃப்ரின்கள் ஆகின்றன, கட்டி இருந்தால் அந்த உடைப்பு கட்டிக்குள்ளேயே ஓயாமல் நடக்கும், அதனால் மெட்டாநெஃப்ரின் பொதுவாக எகிறியிருக்கும். இங்கே ஹார்மோன் மலையாகக் குவிந்திருக்கிறது, உடைந்த பொருள் மட்டும் அந்த அளவுக்கு இல்லை.

மோதிரம்

வார்டில் தங்கச்சிக்கும் ரத்தம் எடுத்தார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பார்த்து நர்ஸ் அம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார், "ஏம்மா, மோதிரம் வெள்ளியா?" மோதிரத்தின் அடிப்பக்கம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. "இல்லீங்க, தங்கந்தானுங்க. ரசத்துணி தொவைக்கறப்ப இப்படி ஆயிருது, நெருப்புல காட்டுனா மறுபடி மஞ்சளாயிரும்." பிழிகிற துணியை வாரம் ஒரு முறை துவைப்பது அவர் வேலை.

அந்த ஒரு பேச்சு வார்டு மருத்துவர் காதில் விழுந்தது. அவர் எனக்குப் போன் செய்து கேட்டார், "அவங்க வீட்ல என்ன தொழில்?" கேஸ் ஷீட்டில் அப்பா தொழில் 'நகைத் தொழில்' என்று இருந்தது. கோவையில் நூற்றுக்கணக்கான ஷீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். நகைத் தொழிலில் கல் பதிப்பவர் உண்டு, கம்பி இழுப்பவர் உண்டு, மெருகு போடுபவர் உண்டு. ரசத்தை நெருப்பில் காட்டுபவரும் அதே சொல்லுக்குள்தான் இருக்கிறார்.

பாதரசம் என்ன செய்கிறது

கேடகால் மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ் என்று ஒரு நொதி, சுருக்கமாக காம்ட். அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் உடைத்து மெட்டாநெஃப்ரின் ஆக்குவது அதுதான். அந்த நொதி வேலை செய்ய எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற துணைப்பொருள் வேண்டும். பாதரசம் இந்தத் துணைப்பொருளை முடக்குகிறது, நொதி நின்றுபோகிறது. சுரப்பி வழக்கம்போலத்தான் சுரக்கிறது, சுரந்தது உடைந்து வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் கூடுதலாக விட்டதால் தோட்டம் முழுகவில்லை, கடைமடை அடைத்துக்கொண்டதால் முழுகியது. அழுத்தம், துடிப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் தேங்கிய ஹார்மோனின் வேலை.

உள்ளங்கை சிவந்து உரிவது, வெளிச்சம் கூசுவது, கால் குடைச்சல், எரிச்சல் ஆகியவை சேர்ந்த படத்துக்கு அக்ரோடைனியா என்று பெயர். மேற்கு நாடுகளில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் கலோமல் என்ற பாதரச உப்பு இருந்த காலத்தில் நிறையப் பார்த்த நோய். 1940களில் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவர் இந்தப் பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசத்தைக் கண்டார், பொடி கடைகளில் இருந்து போனதும் நோயும் ஏறக்குறைய மறைந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக மிஞ்சியிருக்கும் நோய் என்பதால் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

அப்பா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "ஏனுங்க டாக்டர், ரசத்த யாருங்க தின்னாங்க?" தின்றால்கூட அவ்வளவு ஆகியிருக்காது, அதுதான் விஷயம். உருண்டையாக இருக்கும் ரசத்தை விழுங்கினால் குடலில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடம்பில் சேரும், மீதி மலத்தில் போய்விடும். ஆவியாக மூச்சில் போனால் ஏறத்தாழ 80 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். அது கொதிப்பது 357 டிகிரியில், ஆனால் கொதிக்கவே வேண்டாம், அறையின் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கும். வாசனை இல்லை, நிறம் இல்லை, காற்றைவிடக் கனம். தரையில் பாய் போட்டுப் படுக்கும் பிள்ளை, எடைக்கு விகிதமாகப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கும் பிள்ளை.

பாதரச அளவும் எடுத்த முடிவுகளும்

சிறுநீரை உலோகம் படாத, அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குடுவையில் பிடிக்கச் சொன்னோம். மருந்து எதுவும் கொடுக்காமல், இருக்கிறபடியே. பாதரசத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அதன் பிறகு சிறுநீர் பிடித்து 'பாருங்கள் எவ்வளவு கூடுதல்' என்று காட்டும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. மருந்து கொடுத்தால் யாருக்குமே எண் ஏறும், அதை ஒப்பிட வரம்பே கிடையாது. ரத்தத்தில் பார்ப்பதானால் சில நாள் மீன் நிறுத்த வேண்டும், மீனில் இருக்கும் மெத்தில் பாதரசம் கணக்கைக் குழப்பும்.

பையனுக்கு லிட்டருக்கு 94 மைக்ரோகிராம். இந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாதவர்களுக்குப் பெரும்பாலும் 5க்குள் இருக்கும், ஆய்வகங்கள் 20 வரை விடுவதுண்டு. அப்பாவுக்கு 140, அம்மாவுக்கு 48, தங்கச்சிக்கு 31. அப்பாவுக்குப் பையனைவிட அதிகம், ஆனால் அவருக்கு விரல் நடுக்கமும் ஈறு வீக்கமும் மட்டும்தான், அழுத்தம் 136/88. தங்கச்சிக்கு ஒன்றுமே இல்லை. ஒரே வீட்டில் ஒரே காற்றில் ஒருவருக்கு மட்டும் அக்ரோடைனியா வருவது இந்த நோயில் தெரிந்த கதைதான், எண்ணைப் பார்த்து மட்டும் ஆளின் நிலையைச் சொல்ல முடியாது.

முதல் முடிவு, பையனையும் தங்கச்சியையும் வீட்டை விட்டு எடுப்பது. பொள்ளாச்சிக்குப் பக்கம் அமுச்சி வீட்டுக்கு அனுப்பினோம், போட்டிருந்த துணி, பாய், தலையணை, பள்ளிப்பை எதுவும் கூடப் போகக் கூடாது என்று சொல்லி. புதுத்துணி வாங்க அம்மா கொஞ்சம் யோசித்தார், ஆஸ்பத்திரியில் ஒருவர் அமைதியாக ஏற்பாடு செய்தார். மருந்தைவிட இது முக்கியம், ஏனென்றால் ஆவி வந்துகொண்டிருக்கும் வீட்டில் இருந்தபடியே பாதரசத்தை இழுக்கும் மருந்து சாப்பிட்டால் ஒரு பக்கம் வெளியேறுவது மூச்சு வழியாக மறுபடி சேரும், சிலருக்கு மோசமும் ஆகலாம்.

இரண்டாவது, அழுத்தத்துக்கு பிரசோசின் என்ற ஆல்ஃபா தடுப்பான். முதல் மாத்திரையில் திடீரென்று இறங்கித் தலைசுற்றும் என்பதால் சின்ன அளவில் ராத்திரி படுக்கும் முன். துடிப்பு 130க்கு மேல் ஓடுவதைப் பார்த்து புரோபனலால் மாதிரி பீட்டா தடுப்பான் மட்டும் கொடுத்துவிடக் கை துறுதுறுக்கும், இங்கே அது ஆபத்து. நார்அட்ரினலின் குவிந்திருக்கும் உடம்பில் பீட்டா பக்கத்தை மட்டும் மூடினால் குழாய்களைச் சுருக்கும் ஆல்ஃபா பக்கம் தடையில்லாமல் வேலை செய்து அழுத்தம் இன்னும் ஏறும். ஆல்ஃபா தடுப்பான் நிலைத்த பிறகு தேவைப்பட்டால் மற்றது.

மூன்றாவது, அணு ஸ்கேனைத் தள்ளிப்போட்டது. இதில் விவாதம் நடந்தது. பாதரசம் இருக்கிறது என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே பிள்ளைக்கு வரலாம் என்று ஒருவர் சொன்னார், சரியான பேச்சுதான். சி.டி. சுத்தம், மெட்டாநெஃப்ரின் பொருந்தவில்லை, உள்ளங்கை உரிவதைக் கட்டியால் விளக்க முடியாது, அழுத்தம் மருந்தில் அடங்குகிறது. எனவே ஆறு வாரம் பொறுத்து ஹார்மோன்களைத் திரும்பப் பார்ப்பது, பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் ஸ்கேன் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் பிறகு யாரும் பயத்தில் மாற்றவில்லை.

நான்காவது, பாதரசத்தை வெளியேற்றும் மருந்து. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது டி-பெனிசிலமின், பக்க விளைவு கூடுதல், சிறுநீரில் ஏற்கெனவே புரதம் இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்க விருப்பமில்லை. டி.எம்.எஸ்.ஏ. என்கிற சக்சிமர் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், நாளுக்கு 3 வேளை 5 நாள், பிறகு 2 வேளை 14 நாள். ரத்த அணுக்களும் கல்லீரலும் வாராவாரம் பார்த்தார்கள். இந்த மருந்து சிறுநீர் வழியாகப் பாதரசம் போவதை வேகப்படுத்தும், மூளைக்குள் போனதைப் பெரிதாக இழுக்காது. உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறைய மருந்தில்லாமல் சுமார் இரண்டு மாதம் ஆகும்.

அம்மாவின் 'அட்ரினல் சோர்வு'

இதற்கு நடுவில் அம்மாவின் சமாச்சாரம். போன வருஷம் முழுக்க அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு. நலவாழ்வு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் எச்சிலில் கார்டிசால் பார்த்து, 'அட்ரினல் சோர்வு' என்று எழுதி, மாதத்துக்கு ஒரு டப்பா பொடி விற்றுக்கொண்டிருந்தார். பையனுக்குப் பாதரசம் என்று தெரிந்ததும் அவரே, பார்த்தீர்களா, அம்மாவுக்கும் பாதரசம்தான் அட்ரினலைத் தின்றுவிட்டது என்றாராம்.

இதைத் தட்டிக்கழிக்கவில்லை, பார்த்தோம். பாதரசம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலும் அட்ரினலிலும் சேரும் என்பது உண்மை, எலிகளுக்கு அதிகமாகக் கொடுத்துப் பார்த்ததில் அட்ரினல் வெளிப்பகுதியின் ஸ்டீராய்டு தயாரிக்கும் நொதிகள் குறைந்ததும் உண்மை. ஆனால் மனிதருக்கு ஆவி மூச்சில் போய் கார்டிசால் நோயாகும் அளவுக்குப் படுத்துவிட்டது என்று சொல்ல அந்த அளவுக்குப் பலமான சான்று கிடையாது. அம்மாவின் காலை 8 மணி கார்டிசால் டெசிலிட்டருக்கு 13 மைக்ரோகிராம். 3க்குக் கீழ் என்றால் அட்ரினல் செயலிழப்பு, 18க்கு மேல் என்றால் கவலையே இல்லை, நடுவில் இருந்தால் தூண்டிப் பார்க்க வேண்டும். அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஊசியாகப் போட்டுப் பார்த்ததில் 22க்கு ஏறியது. சோடியம், பொட்டாசியம் சரி. ஈறோ கைரேகையோ கருக்கவில்லை. நம் நாட்டில் அட்ரினல் உண்மையிலேயே செயலிழந்தால் காசநோயை நினைக்க வேண்டும், அதற்கும் அறிகுறி இல்லை. ஹீமோகுளோபின் 8.2. மாதவிடாய்ப் போக்கு அதிகம், அதை யாரும் கேட்கவில்லை. இரும்புச்சத்து கொடுத்ததும் இரண்டு மாதத்தில் படி ஏறினார். 'அட்ரினல் சோர்வு' என்ற நோயை ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் ஏற்றுக்கொள்வதில்லை, 2016ல் வந்த ஒரு தொகுப்பாய்வும் அப்படி ஒன்று இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

அம்மாவிடம் முகத்துக்குப் பூசும் கிரீம் பற்றியும் கேட்டோம், அவர் மஞ்சளோடு சரி. ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. ரசீது இல்லாமல் விற்கும் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்கும், சிலவற்றில் குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். அந்த ஸ்டீராய்டு தோல் வழியாகப் போய் கார்டிசாலைப் படுக்க வைத்துவிடும். அப்போது சிறுநீரில் பாதரசம் கூடுதல், ரத்தத்தில் கார்டிசால் குறைவு என்று இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும், பழி மட்டும் தப்பாகப் பாதரசத்தின் மேல் விழும். இந்த கிரீம்களால் சிறுநீரக வடிகட்டி கெட்டவர்களைப் பற்றி கேரளத்திலிருந்து 2024ல் ஆய்வு வந்தது, நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான். பாதரசம் சேர்ந்திருக்கக்கூடிய செந்தூரம், லேகியம், ரசமணி பற்றியும் கேட்க வேண்டும். பழனிப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் இதை ஏளனமாகக் கேட்டால் பதில் வராது, மரியாதையாகக் கேட்டால் டப்பாவையே எடுத்து வந்து காட்டுவார்கள்.

வீடும் தொழிலும்

நான் போய்ப் பார்த்தபோது பின்னறையின் சிமென்ட் வெடிப்புகளில் குண்டூசித் தலை அளவுக்கு உருண்டைகள் மின்னின. பெருக்கக் கூடாது, பெருக்கினால் இன்னும் பொடிந்து ஆவியாகும் பரப்பு கூடும். சன்னல் அட்டையைப் பிடுங்கி, மின்விசிறி வெளிப்பக்கம் தள்ளும்படி வைத்து, கெட்டி அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து, ஊசிக்குழாயில் உறிஞ்சி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் மூடினார்கள். வெடிப்புகளில் கந்தகத்தூள் தூவி, பிறகு தளத்தையே பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். பெயர்த்தெடுத்த தளமும் பாயும் மெத்தையும் அபாயக் கழிவாகப் போயின. செலவு கையைக் கடித்தது.

அடுப்பைத் திரும்பச் சாளைக்குக் கொண்டுபோனால் போதும் என்பது அப்பாவின் எண்ணம். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் இருந்து பத்தடி தூரத்தில் அந்தச் சாளை, அடுத்த வீட்டுச் சன்னல் அதைவிடக் கிட்டே. பேசிப் பேசி, கழுவிய மண்ணை அப்படியே உருக்கிச் சுத்திகரிக்கும் ஆலைக்கு விற்பது என்று முடிவானது. அதில் அவருக்குக் கிடைப்பது குறைவு, மண்ணில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று ஆலைக்காரர் சொல்வதுதான் கணக்கு, கண்ணால் பார்த்து எடுக்கிற சுகம் இல்லை. இந்த நஷ்டத்தைப் பற்றிப் பேசாமல் 'ரசத்தை விடுங்கள்' என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டு வருவது எனக்கு உடன்பாடில்லை, பிள்ளைக்காக அவர் விட்டார், பிள்ளைக்கு நோய் வராதவர் ஏன் விடுவார்? தெருவில் இதே வேலை செய்யும் மற்றவர்களைச் சோதனைக்கு அழைத்தோம், சிலர் வந்தார்கள், சிலர் தொழில் பெயர் கெடும் என்று வரவில்லை.

என்ன ஆனது

அமுச்சி வீட்டுக்குப் போன இரண்டாம் வாரத்தில் தூங்க ஆரம்பித்தான். ஆறாம் வாரம் நார்அட்ரினலின் வரம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு இறங்கியிருந்தது, எழுதி வைத்தபடி ஸ்கேன் வேண்டாம் என்று ஆனது. மூன்றாம் மாதக் கடைசியில் ஹார்மோன்கள் வரம்புக்குள், சிறுநீரில் பாதரசம் 12, புரதம் இல்லை. மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்திய பிறகு அழுத்தம் 108/68. அவனுடைய கார்டிசாலும் ஆரம்பத்தில் ஒரு முறை பார்த்ததில் சரியாகவே இருந்தது, சுரப்பி கடைசிவரை நன்றாகத்தான் வேலை செய்தது. எடை 31ஐத் தாண்டியது. எழுத்து நேரானது. கோபம் மட்டும் முழுதாகப் போகவில்லை, முன்பு மாதிரி சாது இல்லை என்கிறார் அம்மா. பாதரசத்தின் மிச்சமா, பத்துப் பன்னிரண்டு வயதுக்கு வருகிற வீம்பா என்று பிரிக்க இப்போதைக்கு வழியில்லை.

மாற்றிக்கொண்டவை

என் இடத்தில் தொழில் என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: அந்தத் தொழிலில் கையால் என்ன செய்கிறார், எங்கே வைத்துச் செய்கிறார். சாயப்பட்டறை, வெள்ளிப்பட்டறை, பழைய பேட்டரி உடைப்பது, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் நம் பக்கம் பாதித் தொழில் வீட்டுக்குள்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்குச் சரியான பட்டை வைத்து அழுத்தம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த அளவுகளை எடுத்த என் பழைய கருவியே ரசத்தூண் வைத்ததுதான், அதையும் மாற்றியாயிற்று.

கேடகாலமின் (அட்ரினலின், நார்அட்ரினலின், டோபமின்) கூடுதல், அட்ரினல் ஸ்கேன் சுத்தம் என்று ஒரு பிள்ளை வந்தால், அடுத்த பெரிய ஸ்கேனுக்கு முன் சிறுநீரில் பாதரசம் பார்த்துவிட வேண்டும் என்று அந்த மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு தங்கள் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஸ்கேனோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்கு ஆவது சில்லறை.

அப்பாவுக்குச் சிறுநீரில் கடைசியாகப் பார்த்தபோது 38, நடுக்கம் குறைந்திருக்கிறது. அடுத்தது ஆடி நோம்பி முடிந்து. பையனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்ப்பதாக இருக்கிறோம், தங்கச்சிக்கும் சேர்த்து.